மலைப்பாதையை எழுத்தாக்குவது எப்படி?

மாணவர்களே, தைப்பிங் நகரை ஒட்டி நிற்கும் புக்கிட் லாருட் மலையை அறிவீர்கள். முன்பு மேக்ஸ்வெல் மலை எனப்பட்ட அது, சுமார் 1,250 மீட்டர் உயரம் கொண்டது. அதில் ஏறும் ஒருவர், நடந்த வழியைக் கைப்பேசியில் பதிவுசெய்து நண்பருக்கு அனுப்புகிறார். நண்பரின் கைப்பேசியும் வேறு, செயலியும் வேறு. ஆனாலும் அதே வழி அங்கே தெரிகிறது. எப்படி?

செயலியின் நினைவகத்தில் அந்த வழி ஒரு 'பொருளாக' இருக்கிறது. அதை மற்றச் செயலிகளும் படிக்கக்கூடிய எழுத்து வரிசையாக மாற்றுவதே 'சீரியலைசேஷன்'. தமிழில் தொடராக்கம் எனலாம். நடைவழிகளுக்கென்றே 'ஜிபிஎக்ஸ்' என்ற பொது வடிவம் உண்டு. 1998இல் பரிந்துரையாக வெளியான எக்ஸ்எம்எல் விதிகளின்படி அது எழுதப்படுகிறது. அதன் அமைப்பைத் தமிழ்ப் பெயர்களில் காட்டினால் இப்படி இருக்கும்:

<பாதை>
  <பகுதி>
    <புள்ளி அட்சரேகை="4.86" தீர்க்கரேகை="100.79">
      <உயரம்>1250</உயரம்>
    </புள்ளி>
  </பகுதி>
</பாதை>

உண்மைக் கோப்பில் பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் எக்ஸ்எம்எல் தமிழ் எழுத்துகளையும் ஏற்கும்.

இங்கே இரண்டு வகைத் தகவல்களைக் கவனியுங்கள். அட்சரேகையும் தீர்க்கரேகையும் புள்ளியின் தொடக்கக் குறிக்குள்ளேயே உள்ளன. இவை பண்புக்கூறுகள். உயரம் தனிக் குறியுடன் உள்ளே அமர்ந்திருக்கிறது. இது உள்ளமை உறுப்பு. ஒரு பண்புக்கூறு ஒரு குறிக்குள் ஒரு முறைதான் வரலாம். அதற்குள் வேறொன்றை அடுக்க முடியாது. உறுப்போ பல முறை வரலாம். தனக்குள் பல உறுப்புகளையும் சுமக்கலாம். ஒரு புள்ளிக்கு ஒரே இருப்பிடம்தான் என்பதால் அது பண்புக்கூறு. ஒரு பாதையில் ஆயிரம் புள்ளிகள் இருக்கலாம் என்பதால் அவை உறுப்புகள்.

நிரலாளர் எதுவும் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? சீ ஷார்ப் மொழியின் எக்ஸ்எம்எல் தொடராக்கி, எல்லாவற்றையும் உறுப்பாகவே எழுதிவிடும். அட்சரேகையைப் பண்புக்கூறாக எதிர்பார்க்கும் செயலிக்குப் புள்ளியின் இடமே தெரியாது. ஆகவே 'இது பண்புக்கூறு' என்ற அடையாளத்தை நிரலில் அந்த மாறியின் மேல் இட வேண்டும். பட்டியலுக்கும் அப்படித்தான். வழக்கமாகத் தொடராக்கி, புள்ளிகளைச் சுற்றி ஒரு கூடுதல் உறையைப் போடும். ஜிபிஎக்ஸில் அந்த உறைக்கு இடமில்லை. 'ஒவ்வொரு புள்ளியையும் நேரடியாக உறுப்பாக எழுது' என்று அடையாளமிட்டால் உறை நீங்கும்.

அப்படியானால் 'பகுதி' என்ற அடுக்கு மட்டும் எதற்கு? அடர்ந்த காட்டுக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞை விட்டுப்போகலாம். மீண்டும் கிடைக்கும்போது புதிய பகுதி தொடங்க வேண்டும் என்பது ஜிபிஎக்ஸ் விதி. எல்லாப் புள்ளிகளையும் ஒரே பகுதியில் கொட்டிவிட்டால், விட்டுப்போன இரு முனைகளையும் வரைபடம் ஒரு நேர்கோட்டால் இணைத்துவிடும். அந்தக் கோடு பள்ளத்தாக்கின் மேலேகூடப் போகலாம். அதை வழி என்று நம்பிப் பின்தொடர்பவர் ஆபத்தில் சிக்குவார்.

அடுத்த முறை நடைப்பயிற்சியைப் பதிவுசெய்தால், அந்தக் கோப்பை எழுத்துத் தொகுப்பான் ஒன்றில் திறந்து பாருங்கள். அதில் எத்தனை பகுதிகள் உள்ளன என்று எண்ணுங்கள். கைப்பேசி எத்தனை முறை உங்கள் தடத்தைத் தவறவிட்டது என்பதை ஊகித்துவிடலாம்.