48 புள்ளி எடுத்தாலும் ஒரே சுற்றில் பூஜ்ஜியம்! பின்லாந்து மரவெட்டிகளின் 'துப்பி' சீட்டாட்டம் ஆடலாமா?

ஜெயிக்க 52 புள்ளி வேண்டும். உங்கள் ஜோடி 48 புள்ளியில் நிற்கிறது. இன்னும் நாலே புள்ளிதான். ஆனால் அடுத்த சுற்றில் சறுக்கினால் 48-ம் காலி. மறுபடி பூஜ்ஜியத்தில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்!

இப்படி நெஞ்சைப் படபடக்க வைக்கும் ஒரு சீட்டாட்டம் பின்லாந்தின் வட பகுதியில் இருக்கிறது. பெயர் 'துப்பி'. நம் காதுக்கு வேறு அர்த்தம் வரும், சிரிக்கலாம், தப்பில்லை. பின்லாந்து மொழியில் துப்பி என்றால் கத்தி உறை. சீட்டாட்டத்துக்கும் கத்தி உறைக்கும் என்ன சம்பந்தம்? சொல்கிறோம்.

பனிக்காட்டில் ஒரு மரக்குடில்

பின்லாந்தின் வடகோடியில் இருப்பது லாப்லாந்து. குளிர்காலத்தில் அங்கே மைனஸ் 30 டிகிரிக்குக் கீழேகூடப் போகும். இன்னும் வடக்கே போனால் வாரக்கணக்கில் சூரியனே உதிக்காது. அந்தக் காடுகளில்தான் மரவெட்டிகள் குளிர்காலம் முழுக்க வேலை செய்தார்கள். வெட்டிய மரங்களைக் குதிரை கட்டிப் பனிமேல் இழுத்து வந்து ஆற்றங்கரையில் அடுக்குவார்கள். வசந்தத்தில் பனி உருகியதும் ஆற்றில் மிதக்க விட்டு ஆலைகளுக்கு அனுப்புவார்கள்.

இந்தத் தொழிலாளர்கள் கூட்டமாகத் தங்கிய மரக்குடிலுக்கு 'கேம்ப்பா' என்று பெயர். பகல் சீக்கிரம் முடிந்துவிடும், ராத்திரி நீண்டுகொண்டே போகும். செல்போன் இல்லை, டி.வி இல்லை. இருந்தது ஒரு சீட்டுக்கட்டும், எதிரே உட்கார நாலு பேரும்தான். அப்படி வளர்ந்த ஆட்டம் இது. 'கேம்ப்பாதுப்பி' என்றும் இதைச் சொல்வார்கள்.

பிறகு மரம் அறுக்க மெஷின் வந்தது, மரம் ஏற்ற லாரி வந்தது. லாப்லாந்தின் பெரிய ஆறான கெமியோக்கியில் மரம் மிதக்க விடும் வேலை 1991-ல் முடிவுக்கு வந்தது. அந்தத் தொழிலாளர்களின் நினைவாக ரோவனியெமி நகரில் அதே ஆற்றின் மேல் இருக்கும் பாலத்துக்கு 'மரவெட்டியின் மெழுகுவத்தி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குடில்கள் போனாலும் அங்கே ஆடிய ஆட்டம் போகவில்லை. வீடுகளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, ஆடலாம் வாங்க!

தேவை: 4 பேர், ஜோக்கர் இல்லாத 52 சீட்டுக் கட்டு ஒன்று, எழுத ஒரு பேப்பர்.

எதிரெதிரே உட்காருபவர்கள் ஒரு ஜோடி. உதாரணத்துக்கு, வட்டமாக இடமிருந்து அப்பா, அம்மா, அக்கா, தம்பி என்று உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பாவும் அக்காவும் ஒரு ஜோடி. அம்மாவும் தம்பியும் ஒரு ஜோடி. ஒவ்வொருவருக்கும் இடப்பக்கம் இருப்பவர்தான் அடுத்து ஆட வேண்டியவர்.

எல்லாச் சீட்டையும் பிரித்துப் போட்டால் ஆளுக்கு 13 வரும். ஏஸ்தான் பெரியது. அடுத்து கிங், குயின், ஜாக், 10 என்று இறங்கி 2-ல் முடியும். துருப்பு கிடையாது.

ஒருவர் ஒரு சீட்டு இறக்குவார். மற்ற மூவரும் அதே இனத்தில் சீட்டு இருந்தால் அதைத்தான் போட வேண்டும். இல்லையென்றால் எதை வேண்டுமானாலும் போடலாம். முதலில் இறங்கிய இனத்தில் பெரிய சீட்டு போட்டவருக்கு அந்த நாலு சீட்டும் போகும். இதை ஒரு 'பிடி' என்று வைத்துக்கொள்வோம். பிடித்தவரே அடுத்த சீட்டை இறக்குவார். மொத்தம் 13 பிடி, அதோடு ஒரு சுற்று முடியும்.

இதுவரை எளிதுதான். திருப்பம் இனிமேல்தான்.

ராமியா, நோலோவா?

துப்பியில் இரண்டு விதமான சுற்றுகள் உண்டு. ஒன்று 'ராமி'. நம்ம ஊர் ரம்மி என்று நினைத்துவிடாதீர்கள், இது வேறு. ராமியில் நிறைய பிடி எடுக்க வேண்டும். இன்னொன்று 'நோலோ'. அதில் பிடி எடுக்காமல் தப்பிக்க வேண்டும். ஒரே சீட்டு, ஒரே விதி, ஆனால் குறிக்கோள் தலைகீழ்!

எதை ஆடுவது என்று யார் முடிவு செய்வது? நான்கு பேருமே. ஆளுக்கு ஒரு சீட்டைத் தேர்ந்தெடுத்து, முன்னால் கவிழ்த்து வைக்க வேண்டும். ராமி வேண்டுமென்றால் சிவப்புச் சீட்டு, நோலோ வேண்டுமென்றால் கறுப்புச் சீட்டு. சீட்டுப் போட்டவருக்கு இடப்பக்கம் இருப்பவரிலிருந்து ஒவ்வொருவராகத் திருப்புவார்கள். எங்கே முதல் சிவப்பு தெரிகிறதோ, அங்கேயே நிறுத்திவிடலாம். அந்தச் சுற்று ராமி. நாலுமே கறுப்பு என்றால் நோலோ. பிறகு அவரவர் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

தம்பி சீட்டுப் போட்டான் என்று வையுங்கள். முதலில் அப்பா திருப்புகிறார், கறுப்பு. அடுத்து அம்மா திருப்புகிறார், சிவப்பு! ராமி கேட்டவர் அம்மா. ராமியில் கேட்டவருக்கு வலப்பக்கம் இருப்பவர் முதல் சீட்டை இறக்க வேண்டும், அதாவது அப்பா. நோலோ என்றால் சீட்டுப் போட்டவருக்கு இடப்பக்கம் இருப்பவர் ஆரம்பிப்பார்.

கணக்கு இதுதான்

* ராமியில் 6 பிடிக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு பிடிக்கும் 4 புள்ளி. ராமி கேட்ட அம்மா ஜோடி 9 பிடி எடுத்தால் 3 x 4 = 12 புள்ளி.

* ராமி கேட்டவர்கள் தோற்றால் எதிர் ஜோடிக்கு இரட்டிப்பு. அப்பா ஜோடி 8 பிடி எடுத்துவிட்டால் 2 x 8 = 16 புள்ளி. சும்மா ஆசைப்பட்டுச் சிவப்பைக் காட்டினால் இதுதான் தண்டனை.

* நோலோவில் 7 பிடிக்குக் குறைவாக எடுக்கும் ஒவ்வொரு பிடிக்கும் 4 புள்ளி. அப்பா ஜோடி 5 பிடியோடு தப்பித்தால் 2 x 4 = 8 புள்ளி.

முதலில் 52 புள்ளி தொடும் ஜோடி ஆட்டத்தை ஜெயிக்கும்.

உறைக்குள் போவது எப்படி?

இப்போது கத்தி உறைக்கு வருவோம். இரண்டு ஜோடியும் ஒரே நேரத்தில் புள்ளி வைத்திருக்க முடியாது. ஒரு ஜோடி ஏறிக்கொண்டிருந்தால், இன்னொரு ஜோடி பூஜ்ஜியத்தில் நிற்கும். பூஜ்ஜியத்தில் நிற்பவர்களைத்தான் 'உறைக்குள் இருக்கிறார்கள்' என்பார்கள்.

உறைக்குள் இருக்கும் ஜோடி ஒரு சுற்று ஜெயித்தால், ஏறிக்கொண்டிருந்தவர்களின் புள்ளி மொத்தமும் போய்விடும். அவர்களும் உறைக்குள்! முதல்முறை ஆடுபவர்கள், அந்தச் சுற்றின் பலன் எதிராளியைக் கீழே இழுப்பது மட்டும்தான், தனியாகப் புள்ளி கிடையாது என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபமாக இருக்கும். ஆரம்பிக்கும் முன்பே இதைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள், பாதியில் சண்டை வராது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 13 ஒற்றைப்படை எண். அதனால் எந்தச் சுற்றும் சமனில் முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஜோடி ஜெயித்தே ஆக வேண்டும். அப்படியென்றால் 52-ஐத் தொட, இடையில் ஒரு தோல்விகூட இல்லாமல் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும். 13 பிடியையும் அள்ளும் அதிர்ஷ்டம் வாய்த்தால் ஒரே ராமியில் 28 புள்ளி. நாலு நாலாகச் சேர்த்தால் 13 சுற்று தொடர்ந்து ஜெயிக்க வேண்டியிருக்கும்.

அதனால்தான் 48-ல் இருப்பவருக்குக் கை நடுங்கும். பூஜ்ஜியத்தில் இருப்பவருக்கு இழக்கப் புள்ளியே இல்லை, தைரியமாக ஆடுவார். கடைசி வரை யாரும் 'நாம தோத்துட்டோம்' என்று சீட்டைக் கீழே போட வேண்டியதில்லை. வீட்டில் குட்டிப் பிள்ளைகளோடு ஆடும்போது இது பெரிய விஷயம்!

ஜெயிக்கச் சில ஐடியாக்கள்

1. ஏஸ், கிங் நிறைய இருந்து, ஏதாவது ஓர் இனம் நீளமாகவும் இருந்தால் ராமி கேளுங்கள். 2, 3, 4 என்று பொடிச் சீட்டுகள் நிறைந்திருந்தால் கறுப்பைக் காட்டுங்கள்.

2. திருப்பும் சீட்டை எல்லோரும் பார்க்கிறார்கள். உங்கள் பலத்தைச் சொல்லிவிடும் சீட்டை அங்கே வைக்காதீர்கள்.

3. நோலோவில் ஒரு பிடி எப்படியும் உங்களுக்குத்தான் என்று தெரிந்தால், அந்த இனத்தில் கையில் இருக்கும் பெரிய சீட்டாலேயே எடுங்கள். ஆபத்தான சீட்டு ஒன்று கையை விட்டுப் போகும்.

4. நோலோவில் ஜோடியின் பிடிகள் சேர்த்தே எண்ணப்படும். உங்கள் ஜோடி அந்தப் பிடியை எடுப்பது உறுதியானால், உங்களிடம் உள்ள பெரிய சீட்டையும் அதிலேயே தள்ளிவிடுங்கள்.

5. இறங்கிய இனம் கையில் இல்லையா? ராமியில் உதவாத பொடியைப் போடுங்கள். நோலோவில் ஏஸ், கிங்கைக் கழற்றிவிட இதுதான் சரியான நேரம்.

பேசக் கூடாது!

ஜோடிக்குக் கண் காட்டுவது, இருமுவது, 'ஐயோ' என்பது எல்லாம் தடை. எதிரே இருப்பவர் ஏன் அந்தச் சீட்டைப் போட்டார் என்று அவர் போட்ட சீட்டுகளை வைத்தே ஊகிக்க வேண்டும். நாள் முழுக்க ஒன்றாக மரம் வெட்டியவர்களுக்கு, எதிரே இருப்பவர் மனசு பேசாமலே புரிந்திருக்கும். ஒரே வீட்டில் இருக்கும் நமக்கு எவ்வளவு புரிகிறது என்று பார்த்துவிடலாம்.

காசு வைக்க வேண்டாம், 52 புள்ளியே போதும். தோற்ற ஜோடி எல்லோருக்கும் டீ போட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை நாலு செல்போனையும் ஓரமாக வைத்துவிட்டு சீட்டுக்கட்டை எடுங்கள்... உங்கள் வீட்டில் முதலில் உறைக்குள் போகப்போவது யார்?