சட்டைப்பைக்குள் ஒரு ஜூம் லென்ஸ்: குட்டி கேமராக்கள் செய்த வித்தை!

பல வீடுகளில் பீரோவைத் துழாவினால் அது கிடைக்கும். பட்டுப்புடவைக்கும் பழைய பாஸ்புக்குக்கும் நடுவே, கைக்கயிறு சுற்றிய ஒரு குட்டி டிஜிட்டல் கேமரா. குழந்தையின் முதல் பிறந்தநாள், ஊட்டி டூர், அக்கா கல்யாணம் என எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளிய கேமரா. ஸ்மார்ட்போன் வந்தபிறகு அதை யாரும் சீண்டவில்லை.

பட்டனைத் தட்டினால் ‘விர்ர்’ரென்று லென்ஸ் வெளியே நீளும். அணைத்தால் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். அவ்வளவு நீளமான லென்ஸ் இவ்வளவு ஒல்லியான பெட்டிக்குள் எப்படிப் போகிறது? இந்த ஒரு கேள்விக்காகத்தான் 2000-களின் தொடக்கத்தில் ஜப்பானிய நிறுவனங்கள் முட்டி மோதின. அப்போது பிறந்த வித்தைகளில் ஒன்று, இப்போது நீங்கள் கையில் வைத்திருக்கும் போனிலும் இருக்கலாம்.

இடைவெளிதான் எதிரி

ஜூம் லென்ஸ் என்பது ஒற்றைக் கண்ணாடி அல்ல. பல கண்ணாடிகள் சில குழுக்களாகப் பிரிந்து, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். தூரத்துக் காட்சியைக் கிட்டே இழுக்க, அந்தக் குழுக்கள் முன்னும் பின்னும் நகர வேண்டும். அதற்கு நடுவில் இடம் வேண்டும். கேமராவைத் தடிமனாக்குவது கண்ணாடியைவிட இந்த வெற்றிடம்தான்.

கேமரா அணைந்திருக்கும்போது அந்த இடம் தேவையில்லையே? வடிவமைப்பாளர்கள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

2000-ல் வந்த கேனன் டிஜிட்டல் இக்ஸஸ், டிரான்சிஸ்டர் ரேடியோ ஏரியலை மடக்குவதுபோல லென்ஸ் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்றாக மடக்கியது. 2 மடங்கு ஜூம், சுமார் 21 லட்சம் பிக்ஸல், 27 மி.மீ. தடிமன். செவ்வகப் பெட்டி, அதன்மேல் ஒரு வட்டம் என்ற அதன் எளிய முகம், 1996-ல் வந்த ஃபிலிம் இக்ஸஸிடமிருந்து வந்தது. பிறகு வந்த எத்தனையோ குட்டி கேமராக்களின் முகமும் அதே ஜாடைதான்.

2002-ல் மினோல்டா நிறுவனம் வேறு வழியில் போனது. அதன் டிமேஜ் எக்ஸ் கேமராவில் லென்ஸ் வெளியே நீளவே நீளாது. முன்னால் நுழையும் ஒளியை ஒரு முப்பட்டகக் கண்ணாடி 90 டிகிரி திருப்பிவிடும். மற்ற கண்ணாடிகள் எல்லாம் கேமராவின் உடலுக்குள்ளேயே மேலும் கீழுமாக அடுக்கப்பட்டிருக்கும். தடிமனுக்குப் பதில் உயரத்தைப் பயன்படுத்திக்கொண்ட யோசனை. 3 மடங்கு ஜூம் இருந்தும் தடிமன் 20 மி.மீ. மட்டுமே.

அதே ஆண்டில் கேசியோ, ‘ஜூமே வேண்டாம்’ என்று கைகழுவியது. அதன் எக்ஸிலிம் எஸ்1 வெறும் 11.3 மி.மீ. தடிமன்தான். ஒல்லியாக இருந்தது, ஆனால் தூரத்தில் நிற்பவரைப் படமெடுக்க நாம்தான் நடந்து போக வேண்டும்!

2003-ல் பென்டாக்ஸ் செய்ததுதான் எல்லோரையும் அசத்தியது. குழாய்களை மடக்கினாலும் கண்ணாடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தானே இருக்கும்? அந்தத் தடிமனை எப்படிக் குறைப்பது? வரிசையில் நிற்பவர்களில் ஒருவரை மட்டும் ‘கொஞ்சம் ஓரமா நில்லுங்க’ என்று சொல்வதுபோல, லென்ஸ் மூடும்போது நடுவிலிருக்கும் கண்ணாடிக் குழுவை வரிசையிலிருந்து விலக்கி, மற்றவற்றுக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்தார்கள். திறக்கும்போது அது மிகச் சரியாகப் பழைய இடத்துக்குத் திரும்பும். இம்மி பிசகினாலும் படம் மங்கிவிடும். ஆப்டியோ எஸ் என்ற அந்த கேமரா, 3 மடங்கு ஜூமோடு ஆல்டாய்ட்ஸ் மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கியது.

ஒல்லிக்குக் கொடுத்த விலை

இந்த வித்தைகளுக்கு ஒரு விலை இருந்தது. லென்ஸ் சிறியதாக இருக்க வேண்டுமென்றால், படத்தைப் பதியும் சென்சாரும் சிறியதாக இருக்க வேண்டும். பிற்காலத்தில் குட்டி கேமராக்களில் பரவலாக இருந்த சென்சாரின் அளவு சுமார் 6.2 x 4.6 மி.மீ. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பழைய ஃபிலிம் ரோலின் ஒரு கட்டம் 36 x 24 மி.மீ. பரப்பில் கிட்டத்தட்ட 30 மடங்கு வித்தியாசம்.

பரப்பு குறைந்தால் பிடிக்கும் ஒளியும் குறையும். வெயிலில் பளிச்சென்று வந்த படம், மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் புள்ளி புள்ளியாக வந்தது இதனால்தான். அந்தக் குறையை ஈடுகட்டியது ஃபிளாஷ். உள்ளேயிருந்த செனான் குழாயும், சுமார் 300 வோல்ட் வரை மின்சாரத்தைச் சேமிக்கும் கெபாசிட்டரும் சேர்ந்து கண நேரத்தில் அறையையே வெளுக்கவைத்தன.

2012-ல் சோனி, ஆர்எக்ஸ்100 என்ற கேமராவில் 13.2 x 8.8 மி.மீ. சென்சாரைப் பொருத்தியது. வழக்கமானதைவிட நான்கு மடங்கு பரப்பு. அப்போதும் பேன்ட் பாக்கெட்டில் அடங்கியது. ஆனால், அதற்குள் காலம் மாறத் தொடங்கியிருந்தது.

போன் தின்றதும் விட்டதும்

ஜப்பானிய கேமரா நிறுவனங்கள் 2010-ல் விற்பனைக்கு அனுப்பிய, லென்ஸைக் கழற்ற முடியாத கேமராக்கள் 10 கோடிக்கும் மேல். 2023-ல் அது சுமார் 17 லட்சம். மினோல்டா, கோனிகாவுடன் இணைந்து பின் 2006-லேயே கேமரா தொழிலைவிட்டு விலகியது. கேசியோ 2018-ல் குட்டி கேமராக்களை நிறுத்தியது.

மினோல்டா போனாலும் அதன் வழி போகவில்லை. 2019-ல் வந்த ஹுவாவே பி30 ப்ரோ போன், 5 மடங்கு ஜூமுக்காக ஒளியை 90 டிகிரி திருப்பி, லென்ஸை உடலுக்குள்ளேயே படுக்கவைத்தது. 2023-ல் ஐபோன் 15 ப்ரோ மேக்ஸும் ஒளியை உள்ளே பலமுறை மடக்கித்தான் 5 மடங்கு நெருக்கத்தைத் தந்தது. 2002-ல் யோசித்ததன் பேரப்பிள்ளைகள்!

போன் எடுத்துக்கொள்ளாமல் விட்டது, அந்த செனான் ஃபிளாஷை. போனில் இருப்பது எல்.இ.டி. விளக்கு. முகத்தில் பளீரென்று வெளிச்சமும் பின்னால் இருட்டுமாக வரும் அந்தப் பழைய ‘லுக்’குக்காகவே, இன்று கல்லூரி வயதுப் பிள்ளைகள் பழைய கேமராக்களைத் தேடுகிறார்கள். 2016-ல் வந்த ஒரு குட்டி கேமராவைச் சிறு மாற்றங்களோடு 2025-ல் கேனன் மீண்டும் கொண்டுவந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீரோவைத் திறக்கும் முன்...

உங்கள் வீட்டு கேமராவையும் எடுத்துப் பார்க்கத் தோன்றுகிறதா? முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது. மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். லென்ஸ் பாதியில் சிக்கினால் விரலால் இழுக்காதீர்கள். எப்போதோ கடற்கரையில் புகுந்த ஒரு மணல் துகள்கூட அதை முடக்கியிருக்கலாம். நீங்களே ஸ்குரூவைக் கழற்றவும் வேண்டாம். பேட்டரியை எடுத்த பிறகும் ஃபிளாஷ் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும்.

கேமரா உயிர் பெறாவிட்டாலும் பரவாயில்லை. உள்ளே இருக்கும் மெமரி கார்டுதான் முக்கியம். எஸ்.டி. கார்டு என்றால் சாதாரண கார்டு ரீடரிலேயே திறக்கும். பழைய எக்ஸ்டி கார்டு, மெமரி ஸ்டிக் என்றால் அதற்கேற்ற ரீடரைத் தேட வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். கார்டில் படங்கள் மின்னூட்டமாகத்தான் பதிந்திருக்கின்றன. தொடாமல் வைத்திருந்தாலும் ஆண்டுகள் போகப் போக அது கசியும்.

கேமராவை ரிப்பேர் செய்யலாம், புதிதும் வாங்கலாம். முதல் பிறந்தநாளில் கேக்கை முகத்தில் அப்பிக்கொண்ட அந்தக் குழந்தையின் படம் வேறெங்கும் கிடைக்காது. இந்த ஞாயிற்றுக்கிழமையே பீரோவைத் திறந்துவிடுங்கள்!