சோளம் காட்டிக்கொடுக்கும் வண்டி

அறுப்புக் காலத்தில் பெரம்பலூர் மாவட்டத்துச் சாலைகளுக்குக் களத்துமேட்டு வேலையும் சேர்ந்துவிடும். வாலிகண்டபுரம் பக்கம் ரோட்டில் பாதியை மக்காச்சோளம் பிடித்துக்கொள்ளும். ஓரமாகக் கல்லை வரிசை வைத்துவிட்டு, தலையில் முக்காட்டோடு காலால் கிளறிக்கொண்டே போகிற ஆயா பின்னால் திரும்பிப் பார்ப்பதில்லை. டிவிஎஸ் எக்ஸெல் என்றால் அடுத்த தெருவில் வரும்போதே தெரியும். புல்லட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பேட்டரி ஸ்கூட்டர் இந்தக் கணக்கைக் கெடுத்துவிட்டது. முழங்கையை உரசுகிற தூரத்துக்கு வந்த பிறகுதான் வண்டி வந்ததே தெரிகிறது. சிந்திக் கிடக்கும் சோளத்தில் டயர் ஏறினால் மட்டும் நறநறவென்று காட்டிக்கொடுக்கும்.

எல்லா வேகத்திலும் இந்தத் தொல்லை இல்லை. வேகம் கூடினால் டயர் தரையில் உரசும் சத்தமும் காற்றின் இரைச்சலுமே எஞ்சினை அமுக்கிவிடும்; அங்கே பெட்ரோல் காருக்கும் மின்சாரக் காருக்கும் காதளவில் பெரிய வித்தியாசம் கிடையாது. சுமார் 20 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழேதான் ஆபத்து: தெருமுனையில் திரும்பும்போது, கடை வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது. வாலிகண்டபுரத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையின் ஓயாத இரைச்சல், பக்கத்தில் மெதுவாக வரும் வண்டியின் கொஞ்சநஞ்ச சத்தத்தையும் விழுங்கிவிடும்.

பிரிட்டனில் 2013 முதல் 2017 வரையிலான விபத்துப் பதிவுகளை லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் அலசி, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். ஓடிய தூரத்தோடு ஒப்பிட்டால், மின்சார, ஹைபிரிட் கார்கள் நடந்துபோகிறவர்கள்மீது மோதும் வாய்ப்பு மற்ற கார்களைவிட இரண்டு மடங்கு. நகரங்களில் அதைவிடவும் அதிகம். கிராமப்புறத்தில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஊர்க் கிராமத்தில் ரோட்டில் சோளம் காயப்போடுவதில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

பார்வையற்றோர் அமைப்புகள் பல ஆண்டு போராடியதன் பலனாக, மின்சார, ஹைபிரிட் வண்டிகள் ஒலி எழுப்ப வேண்டும் என்று அமெரிக்காவில் 2011இல் சட்டம் வந்தது. ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் புதிதாக விற்கும் எல்லா மின்சாரக் கார்களிலும் ஒலிக்கருவி கட்டாயம். மெதுவாகப் போகும்போதும் பின்னால் வரும்போதும் அது தானாக ஒலிக்கும். வேகம் ஏற ஏற சுருதியும் மாறும். வண்டி வருகிறது என்பதோடு, எப்படி வருகிறது என்பதும் காதுக்குப் புரிந்துவிடும்.

இந்தியாவில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 செப்டம்பரில் இந்த ஒலிக்கருவிக்கான வரைவு விதியை வெளியிட்டது. புதிய மாடல்களுக்கு 2026 அக்டோபர், ஏற்கெனவே உள்ள மாடல்களுக்கு 2027 அக்டோபர் என்று கெடு. கார், பஸ், லாரி எல்லாம் அதில் உண்டு. ஸ்கூட்டரும் ஈ-ரிக்‌ஷாவும் இல்லை! ஊர்த்தெருவில் ஓசைப்படாமல் வருவதே பெரும்பாலும் ஸ்கூட்டர்தான். இத்தனைக்கும் அது ஓசூரிலும் கிருஷ்ணகிரிப் பக்கமும் தயாராகிற வண்டி. கருவியைப் பொருத்த வெகுதூரம் போக வேண்டியதில்லை.

ஹாரன் இருக்கிறதே என்பார்கள். எதிரில் ஆள் இருப்பதை ஓட்டுகிறவர் கவனித்தால்தான் ஹாரன். முதுகுக்குப் பின்னால் திடீரென்று அடித்தால் ஆயா எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்றும் சொல்ல முடியாது. மாட்டுவண்டிக் காலத்தில் காளையின் கழுத்துமணியை யாரும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு அந்த வேலையை ஓட்டுகிறவரின் தொண்டைதான் செய்ய வேண்டும்: பத்தடி முன்பே ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி, “ஆயா, ஓரம்… ஓரம்…”