பழைய இரும்பில் கத்தி செய்யலாம்... ஆனால் எந்த இரும்பு?

ரீல்ஸில் பார்த்தால் 40 நொடி வேலைதான். துருப்பிடித்த இரும்பு உலைக்குள் போகும், நாலு அடி விழும், எண்ணெயில் 'சொய்ங்'னு ஒரு சத்தம், அடுத்த ஷாட்டில் தக்காளியைச் சீவும் பளபள கத்தி. அதைப் பார்த்துவிட்டு, வீடு கட்டி மிஞ்சிய கம்பியைத் தேடி எடுப்பவர்கள்தான் முதலில் ஏமாறுகிறார்கள். எவ்வளவு அடித்தாலும் அந்தக் கம்பியில் கூர் நிற்காது.

ஏன்? எல்லாம் கார்பன் கணக்கு. கட்டடக் கம்பியில் கார்பன் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அது வளைய வேண்டும், உடையக் கூடாது. கத்திக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு கார்பன் வேண்டும். அது கிடைக்கும் இடம், லாரிக்கு அடியில் பாரம் தாங்கும் ஸ்பிரிங் பட்டை. அரிவாளுக்குப் பேர் போன சிவகங்கை மாவட்டம் திருப்பாச்சேத்தி பட்டறைகள் நம்பியிருப்பதும் இதைத்தான்.

இது நல்ல இரும்புதானா?

பழைய இரும்புக் கடையில் எதிலும் லேபிள் இருக்காது. அதனால் முதலில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். கண்ணாடி மாதிரி 'டக்'கென்று உடைந்தால் கத்திக்கு ஆகும். வளைந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பட்டையிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பல வருஷம் குலுங்கிய பட்டைக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். கத்தி முடிந்து, கையில் இருக்கும்போதுதான் அது உடையும். முடிந்தால் வண்டியில் ஏறாத புதுப் பட்டையின் வெட்டுத் துண்டு வாங்குவது நல்லது. துத்தநாகம் பூசிய பைப், போல்ட் பக்கமே போக வேண்டாம். உலையில் போட்டால் வரும் புகை குளிர் காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

கத்தி ஆவது எப்போது?

அடிக்கும்போது இல்லை. சம்மட்டி கொடுப்பது உருவம் மட்டும். பதம் வருவது கடைசியில், தோய்ச்சல் வைக்கும்போது.

கார்பன் இரும்பு சுமார் 770 டிகிரியில் காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்திவிடும். அதற்குக் கொஞ்சம் மேலே, ஆரஞ்சு நிறம் தொடங்கும்போது, எண்ணெயில் இறக்க வேண்டும். வெயிலில் நின்று நிறம் பார்த்தால் கண் ஏமாற்றும். பட்டறைகள் இருட்டாக இருப்பதில் இந்த வசதியும் இருக்கிறது. 'இன்னும் கொஞ்சம் காயட்டும்' என்று விட்டால் உள்ளே பரல் பெருத்து, கத்தி பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். எண்ணெய்க்குப் பதில் தண்ணீர் என்றால், பட்டை அந்த இடத்திலேயே விரிசல் விட நிறைய வாய்ப்பு. எண்ணெயும் குப்பென்று தீப்பிடிக்கும். அதனால் இரும்பு வாளி, பக்கத்தில் மூடி. பிளாஸ்டிக் வாளியை நினைக்கவே கூடாது.

இதோடு முடிந்தது என்று நினைத்து நிறுத்துபவர்கள்தான் அதிகம். இப்போது கத்தி கெட்டியாக இருக்கிறது, ஆனால் கீழே விழுந்தாலே உடையும். அந்த முறுக்கைத் தளர்த்த வேண்டும். வீட்டு ஓவனில் சுமார் 200 டிகிரி, ஒரு மணி நேரம், இரண்டு முறை. தேய்த்த இரும்பு வைக்கோல் நிறத்துக்கு வந்தால் சரி. ரீல்ஸில் இந்த இரண்டு மணி நேரம் வருவதே இல்லை. பார்க்க சுவாரஸ்யமாக எதுவும் நடக்காதே!

கைப்பிடி

இடித்த வீட்டுத் தேக்கு கைப்பிடிக்குத் தோது. பல வருஷம் காய்ந்ததால் இனி சுருங்காது, ஆணி தளராது. பெயின்ட் மட்டும் கவனம். வீட்டு பெயின்டில் ஈயத்துக்குக் கடும் வரம்பு வந்தது 2017 நவம்பரில்தான். பழைய கதவைத் தேய்த்தால் ஈயத்தூள் பறக்கலாம். மாஸ்க் போட்டு, வெளியே வைத்துத் தேய்க்க வேண்டும். குழந்தைகள் பக்கத்தில் கூடாது.

போலீஸ் பிரச்சினை வருமா?

சமையலறைக் கத்திக்கு வராது. ஆயுதச் சட்ட விதிகள் 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலத்தைத் தாண்டும் கத்திகளைப் பற்றிப் பேசினாலும், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் பட்டறையில் ஆர்டர் கொடுக்கப் போனால் பெயர், முகவரி, போன் நம்பர் கேட்பார்கள். வாங்குபவரின் விவரத்தைக் குறித்து வைக்கும்படி 2021-லேயே தமிழ்நாடு காவல்துறை பட்டறைக்காரர்களிடம் சொல்லிவிட்டது. எதற்குக் கத்தி என்றும் கேட்பார்கள். கோபப்படாமல் 'காய் நறுக்க' என்று சொல்லிவிடுங்கள்.