நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம்

தாம்போதிகளால் இணைக்கப்பட்ட ஊர்காவற்றுறைக்கும் புங்குடுதீவுக்கும் நாம் நினைத்த வேளையில் போய்வரலாம். நெடுந்தீவுக்கு அவ்வாறு இயலாது. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகு புறப்படும் நேரமே நமது நேரம். கடலில் கழிவது ஏறத்தாழ ஒரு மணி நேரம். வேறு எதுவும் செய்ய வேண்டியிராத அந்த ஒரு மணி நேரத்தில் நம்மில் எத்தனை பேர் கடலைப் பார்க்கிறோம்?

கைத்தொலைபேசியில் கவிழ்ந்த தலைகள் கரை வந்த பின்னரே நிமிர்கின்றன. பின்னர் முச்சக்கர வண்டியில் பெருக்கமரம், கோட்டை, புறாக்கூடு, குதிரைகள் என ஓடியோடிப் படமெடுத்துவிட்டுப் பிற்பகல் படகைப் பிடிக்கிறார்கள்.

இந்த ஓட்டத்தில் முதலில் தவறிப்போவன நெடுந்தீவின் மதில்கள். காணி எல்லைகளில் முருகைக்கற்களை அடுக்கியே அவற்றை எழுப்பியுள்ளனர். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. ஒரு கல்லின் மேடு மற்றக் கல்லின் பள்ளத்தில் அமரும்வரை கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலன்றி அது நிலைக்காது. அவசரக்காரன் அடுக்கிய மதில் அதிக நாள் நிற்பதில்லை. வண்டியை விட்டு இறங்கி ஓர் ஒழுங்கையில் பத்து நிமிடம் நடந்தால் போதும்: கற்களின் வடிவமும், இடுக்குகளூடே புகுந்து செல்லும் காற்றும், அடுக்கியவரின் பொறுமையும் ஒருங்கே புலப்படும்.

வந்த கடல்வழியும் வெறும் நீர்ப்பரப்பு அன்று. 1985 மே 15 இல் குமுதினிப் படகில் பயணித்தவர்களுள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டது இக்கடலிலேதான். தீவு மக்கள் ஆண்டுதோறும் அந்நாளில் அவர்களை நினைவுகூர்கின்றனர். அதே நீரின் மீது திரையைப் பார்த்தபடி கடந்துபோகிறவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நாம் கூறும் நிதானம் வேறு, தீவு மக்களின் போக்குவரத்து இடர் வேறு. நோயாளியுடன் இறங்குதுறையில் தவித்து நிற்பவரிடம் அமைதியைப் பற்றிப் பேசுவது கொடுமை. அவருக்கு வேண்டியது விரைவான, பாதுகாப்பான படகு. அதைக் கேட்பது அவரது உரிமை. விரையவும் ஆறுதலாகச் செல்லவும் வாய்ப்புள்ள பயணிகளைப் பற்றியே நமது பேச்சு.

அத்தகையோருக்கு நயினாதீவுப் பயணம் நல்ல தொடக்கம். நெடுந்தீவைவிட அது மிகக் கிட்ட. தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, நீரின் நிறம் எவ்விடத்தில் மாறுகிறது, நாகபூஷணி அம்மன் கோபுரம் எப்போது கண்ணுக்குப் புலனாகிறது என்று பார்த்துக்கொண்டே போய்ச் சேரலாம்.