வலிப்பும் ஒன்றரை ஷிப்டும்

முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன்பு மில்லில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் எல்லோரும் முதலில் தேடியது சாவிக்கொத்தை. இரும்பைக் கையில் திணித்தால் அடங்கிவிடுமாம். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே அடங்கக்கூடியது. பெயர் மட்டும் சாவிக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த நாளே கணக்கை முடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். "மிசின்ல கிசின்ல உழுந்துட்டா ஆருங்க பதில் சொல்றது?" என்றால் அதற்கு மறுபேச்சு கிடையாது. மில்காரரை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? திரும்பத் திரும்ப வரும் வலிப்பையும் சித்தபிரமையையும் ஒரே வரியில் சேர்த்து, கல்யாணத்துக்கே தகுதியில்லை என்றது இந்து திருமணச் சட்டம். அந்த வரியிலிருந்து வலிப்பை எடுத்ததே 1999-ல்தான்.

தப்பிப் பிழைத்து வேலையில் இருந்தவர்களுக்கு மருந்தே இன்னொரு தொல்லை. அன்று சுலபமாகக் கிடைத்த பினோபார்பிட்டோன் 1912-லிருந்து புழக்கத்தில் இருப்பது. விலை குறைவு, வலிப்பும் கட்டுப்படும். ஆனால் பலருக்குத் தூக்கம் தள்ளும். தறி முன்னால் கண் சொக்கினால் சோம்பேறிப் பட்டம்தான்.

இன்று மருந்துகள் பெருகிவிட்டன. சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். அன்று துரத்தினார்கள், இன்று, துரத்திவிடுவார்களோ என்று வலிப்பு உள்ளவர்களே மறைக்கிறார்கள். என் கணக்கில் இது பாதி முன்னேற்றம்கூட இல்லை.

திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் நெருக்கினால் ஒன்றரை ஷிப்ட். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ராத்திரி வேலை வேண்டாம் என்றால் காரணம் கேட்பார்கள். மாத்திரையைச் சோற்று டப்பாப் பைக்குள் ஒளித்து வைத்து, கழிவறைக்குப் போய் விழுங்குகிறாள். அடுத்த மாத மாத்திரைக்கு ஓ.பி. வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறாள். மாத்திரை தீர்ந்த நாலாம் நாள் வேலையிடத்திலேயே விழுகிறாள். "இதுக்குத்தான் இவங்களை வெச்சுக்கக் கூடாதுங்கிறது" என்கிறது கம்பெனி.

சட்டமும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பார்கின்சன் உண்டு, வலிப்பு இல்லை. ஆகவே அதை மட்டும் காட்டி அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு கேட்க முடியாது. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-லும் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. லாரி ஓட்டுவதைத் தடுப்பது நியாயம்தான். ஆனால் காருக்கும் அதே அளவுகோலா? பிரிட்டனில் ஓராண்டு வலிப்பு வராமல் இருந்தால் கார் ஓட்ட உரிமம் கேட்கலாம்.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டிங் மெஷினும் பாய்லரும் வேண்டாம். செக்கிங், பேக்கிங், கணக்கு, ஸ்டோர் என்று எத்தனையோ வேலை இருக்கிறது. பகல் ஷிப்ட் மட்டும் கொடுங்கள். மாத்திரை வாங்கப் போகும் நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், ஐந்து நிமிடம் தாண்டினால் 108-ஐக் கூப்பிட லைனுக்கு ஒருவருக்காவது சொல்லிக்கொடுங்கள். தனக்கு வலிப்பு உண்டு என்று ஒருவர் வாய்திறந்து சொன்னால் இடத்தை மாற்றிக் கொடுங்கள், ஆளை மாற்றாதீர்கள்.