ஒரு கம்ப்யூட்டர்... ஆளுக்கொரு அறை!



உங்கள் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர்தானா? அப்பா அதில் அலுவலக வேலை பார்ப்பார். அம்மா மின் கட்டணம் கட்டுவார். அக்கா பிராஜெக்ட் செய்வாள். தம்பி விளையாடுவான். எல்லாருடைய ஃபைல்களும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். 'இதில் என்ன ஆபத்து?' என்கிறீர்களா? நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன், கேளுங்கள்.

தாத்தா செய்த தவறு

என் பேத்தி அப்போது ஏழாம் வகுப்பு. எங்கள் தெருவில் உள்ள மரங்களைப் பற்றிப் பள்ளிக்கு ஒரு பிராஜெக்ட் செய்தாள். ஒரு மாதம் அலைந்து, ஒவ்வொரு மரத்தையும் படம் பிடித்தாள். படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, கேமராவிலிருந்து அழித்துவிட்டாள்.

ஒரு நாள் ஓய்வூதியம் தொடர்பாக ஒரு கடிதம் தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். திரை முழுக்க 'நியூ போல்டர்', 'நியூ போல்டர் 2' என்று இருந்தன. கரும்பலகையைத் துடைத்தே பழகிய கை அல்லவா? குப்பை என்று நினைத்து எல்லாவற்றையும் டெலிட் செய்தேன். அதோடு விட்டேனா? ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன்!

மாலையில் பேத்தி வந்து பார்த்தாள். தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம், பயனில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து கட்டுரையை மறுபடி எழுதிவிட்டாள். ஆனால், தெருமுனையில் இருந்த புங்க மரத்தை அதற்குள் சாலையை அகலப்படுத்த வெட்டிவிட்டார்கள். அந்தப் படத்தை மட்டும் மறுபடி எடுக்கவே முடியவில்லை. "நீங்க வேணும்னு செய்யலையே தாத்தா" என்றாள். அவள் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பெரிய இடத்திலும் இதே கதை!

ஒரே இடத்தை இரண்டு பேர் பயன்படுத்தினால் குழப்பம் வரும். இது மேதைகளுக்கும் நடந்திருக்கிறது.

1960-களின் தொடக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர், அறை அளவுக்குப் பெரியது. விலையும் மிக அதிகம். அதைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறையை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பெர்னாண்டோ கார்படோ என்பவரின் குழு உருவாக்கியது. ஒருவர் ஃபைலை இன்னொருவர் தொடாமலிருக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு தந்தார்கள். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டைக் கொண்டுவந்தவர் என்று பெரும்பாலும் இவரைத்தான் சொல்வார்கள்.

அங்கே ஒரு நாள் என்ன நடந்தது தெரியுமா? பொறுப்பாளர்கள் இருவர் ஒரே கணக்கில், ஒரே நேரத்தில் வேலை செய்தார்கள். ஒருவர் எல்லாருக்கும் காட்டவேண்டிய அறிவிப்பைத் திருத்தினார். மற்றவர் பாஸ்வேர்டுப் பட்டியலைத் திருத்தினார். இரண்டும் இடம் மாறிவிட்டன! உள்ளே நுழைந்தவர்களுக்கெல்லாம் அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய பாஸ்வேர்டும் வந்து நின்றன. கார்படோவே இதைப் பின்னாளில், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது (1990) பெற்றபோது ஆற்றிய உரையில் சொன்னார்.

ஆளுக்கொரு அறை

ஆகவே, முதல் வேலையாகப் பெரியவர்களிடம் சொல்லி ஆளுக்கொரு கணக்கு தொடங்குங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் 'செட்டிங்ஸ்' போய், 'அக்கவுன்ட்ஸ்' பகுதியைத் திறந்தால் இதற்கான வசதி இருக்கிறது. உங்கள் கணக்கில் நுழைந்தால் உங்கள் ஃபைல்கள், உங்கள் படங்கள் மட்டுமே தெரியும். ரீசைக்கிள் பின்கூட ஆளுக்கொன்று! எல்லாரும் பார்க்கவேண்டிய குடும்பப் படங்களை 'பப்ளிக்' என்ற பொதுப் போல்டரில் வைக்கலாம்.

கணக்கில் இரண்டு வகை உண்டு. 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பது தலைமை ஆசிரியர் மாதிரி. எல்லா அறைச் சாவியும் அவரிடம் இருக்கும். 'ஸ்டாண்டர்டு' என்பது மாணவர் மாதிரி. தன் இடத்தில் என்ன வேலையும் செய்யலாம், பள்ளிக்கூடத்தையே மாற்ற முடியாது. உங்களுக்கு ஸ்டாண்டர்டு கணக்கே போதும். பெரியவர்களும் அன்றாட வேலைக்கு அதையே வைத்துக்கொள்வது நல்லது.

ஏன் தெரியுமா? 'இலவச விளையாட்டு' என்ற பெயரில் ஒரு கெட்ட புரோகிராம் வந்து, கம்ப்யூட்டர் முழுவதையும் மாற்றப் பார்த்தால், 'அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கொடு' என்று திரையில் ஒரு பெட்டி வரும். அது வந்தால் மவுஸிலிருந்து கையை எடுங்கள். அப்பாவையோ அம்மாவையோ கூப்பிடுங்கள்.

சாவி பத்திரம்!

பாஸ்வேர்டாகப் பிறந்த தேதி, செல்லப் பெயர், 123456 ஆகியவை வேண்டவே வேண்டாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்து நீளமாக வையுங்கள். நண்பனிடம்கூடச் சொல்லக்கூடாது. ஆனால் அப்பா, அம்மாவுக்குத் தெரிந்திருக்கட்டும். தனிக் கணக்கு என்பது அவர்களிடமிருந்து ஒளிந்துகொள்ள அல்ல. அடுத்தவர் கை தவறினாலும் உங்கள் உழைப்பு அழியாமலிருக்கத்தான்!

எழுந்து போகும்போது விண்டோஸ் கீயையும் 'எல்' கீயையும் சேர்த்து அழுத்துங்கள். கதவு பூட்டிக்கொள்ளும்.

பிரதி இருக்கிறதா?

ஹார்டு டிஸ்க் பழுதானால் எந்தப் பூட்டும் உதவாது. அதனால் 3-2-1 என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமான ஃபைலுக்கு 3 பிரதி; 2 வகைச் சாதனங்களில்; அதில் 1 வீட்டுக்கு வெளியே. கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று வைக்கலாம்.

பிரதி எடுத்ததும் பென் டிரைவைக் கழற்றிவிடுங்கள். 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற புரோகிராம் பல நாடுகளில் கம்ப்யூட்டர் ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இந்த மாதிரிப் புரோகிராம்கள் கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் டிரைவையும் விடாது. அதைத் தடுக்கும் புதுப்பிப்பை மைக்ரோசாப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே, அந்த ஆண்டு மார்ச்சில் வெளியிட்டிருந்தது. போட்டுக்கொள்ளாதவர்கள்தான் மாட்டினார்கள். எனவே, 'அப்டேட்' வந்தால் பெரியவர்களிடம் சொல்லிப் போட்டுவிடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நான்கு கணக்குகள். என் பேத்தி 'நியூ போல்டர்' என்று பெயர் வைப்பதே இல்லை. 'அறிவியல் பிராஜெக்ட் - ஜூன்' என்று தெளிவாக எழுதுகிறாள். நானும் எதையும் அழிக்கும் முன் வீட்டில் எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். மறுபடி எடுக்கவே முடியாத படம் எது என்று உங்கள் கம்ப்யூட்டரில் தேடுங்கள். முதலில் அதற்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள். செய்வீர்கள்தானே?